பேசின் பிரிட்ஜில் மாறிக்கொள்ளவும்

கடம்பத்தூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நேராகப் போகிற ரயில் கிடையாது. இரண்டுமே திருவள்ளூர் மாவட்டம்தான், கலெக்டரும் ஒருவர்தான். ஆனால் எங்கள் ஊர் அரக்கோணம் பாதையில் இருக்கிறது, அது கூடூர் பாதையில் இருக்கிறது. ரயிலில்தான் போவேன் என்று அடம்பிடித்தால் சென்னை வண்டியில் ஏறி, திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர் எல்லாம் தாண்டி பேசின் பிரிட்ஜில் இறங்கி, அங்கே வேறு வண்டி பிடித்துத் திரும்பவும் வடக்கே போக வேண்டும். "ஒரே மாவட்டத்துக்குள்ள போறதுக்கு மெட்ராஸ் போய்ட்டு வரணுமா?" என்று அம்மா கேட்பாள். ஆமாம், வரணும். இரண்டு பாதைகளும் சேர்கிற இடம் அதுதான்.

2019இல் நானும் அப்படி ஒரு பேசின் பிரிட்ஜைக் கட்டினேன். கட்டியது சுமார் 400 வரி பைத்தான் நிரல்தான். அதில் நடந்த ஒரு விபத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். விபத்துக்குக் காரணம் நான் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

*

முதலில் 2008. கல்லூரியில் இரண்டாம் வருடம். உபுண்டு லினக்ஸை அப்போது இலவசமாக சிடியில் போட்டு வீட்டுக்கே அனுப்புவார்கள். ஷிப்இட் என்று பெயர், 2011 வரைக்கும் நடந்தது. வெளிநாட்டு முத்திரையோடு ஒரு அட்டை உறை கடம்பத்தூருக்கு வந்ததும் தபால்காரர், "தம்பி, ஃபாரின்ல யாரு இருக்கா?" என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தார். யாரும் இல்லை என்றதை அவர் நம்பவில்லை.

லினக்ஸைப் போட்டாயிற்று. அடுத்த வருடம் அப்பா கடன் வாங்கி ஒரு யூ.எஸ்.பி. மோடம் வாங்கித் தந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை அவருக்கு. அந்தக் காசு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். மோடத்தைச் சொருகினால் கணினி அதை சிடி டிரைவ் என்று காட்டியது. எத்தனை முறை பிடுங்கிச் சொருகினாலும் அது சிடி டிரைவ்தான். பையன் ஏதோ புதுசா போட்டுக் கெடுத்துட்டான் என்ற பார்வை வீட்டில் ஆரம்பித்துவிட்டது.

திருவள்ளூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, லினக்ஸ் ஆர்வலர்களின் மடற்குழு ஒன்றுக்கு என் பிரச்சினையை எழுதினேன். மடற்குழு என்றால் என்னவென்று இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு முகவரி இருக்கும். அதற்கு நீங்கள் ஒரு மின்னஞ்சல் போட்டால் குழுவில் இருக்கிற எல்லாருக்கும் போய்ச் சேரும். யாராவது பதில் போட்டால் அதுவும் எல்லாருக்கும் வரும். லைக் கிடையாது, முகப்புப் படம் கிடையாது. சென்னையில் ஐ.எல்.யூ.ஜி.சி. என்கிற லினக்ஸ் பயனர் குழு அப்படித்தான் வளர்ந்தது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் நேரில் கூடுவார்கள், மீதி நாளெல்லாம் மடலில் பேசுவார்கள்.

மூன்றாவது நாள் போய்ப் பார்த்தால் ஒரு நீண்ட பதில். எழுதியவர் யார் என்று தெரியாது. கடைசியில் இரண்டு எழுத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அந்த மோடம் தன்னை முதலில் ஒரு சிடியாகத்தான் காட்டிக்கொள்ளுமாம், விண்டோஸுக்கான டிரைவர் மென்பொருள் அதற்குள்ளேயே இருப்பதால். அந்த வேலை முடிந்ததும் 'போதும், இனி நீ மோடமாக மாறு' என்று அதற்கு ஒரு சமிக்ஞை அனுப்ப வேண்டும். விண்டோஸில் அது தானாக நடக்கும். லினக்ஸில் யூ.எஸ்.பி. மோட்ஸ்விட்ச் என்று ஒரு சின்ன நிரல் அதைச் செய்யும். எந்தக் கோப்பில் என்ன எழுத வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லியிருந்தார். கூடவே ஒரு திட்டு: "பதிலை மேலே எழுதாதீர்கள். யாருக்குப் பதில் சொல்கிறீர்களோ அவருடைய வரியை விட்டுவைத்து அதற்குக் கீழே எழுதுங்கள். பிறகு படிக்கிறவனுக்கு நீங்கள் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று தெரிய வேண்டாமா?"

அந்தப் 'பிறகு படிக்கிறவன்' என்ற சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கு மட்டுமா எழுதினார் மனிதர்? என்னை மாதிரி மோடம் வாங்கி மாட்டிக்கொள்ளப் போகிற, இன்னும் கேள்வியே கேட்டிராத யாரோ ஒருவனுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறார். நான் இன்றைக்கு இந்தத் தொழிலில் இருப்பதற்கு அந்த மடலும் ஒரு காரணம்.

*

தமிழில் இணையத்தில் எழுதுகிறவர்களுக்கு இது புதிதான கதை அல்ல. 1995இல் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழுதான். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று ஆரம்பித்தபோது, உலகத்தின் ஏதேதோ மூலைகளில் இருந்தவர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, மின்னஞ்சலில்தான் கைமாற்றிக்கொண்டார்கள். பிறகு யாஹூ குழுமங்கள் வந்தன. ராயர் காபி கிளப், மரத்தடி என்றெல்லாம் பெயர். இன்றைக்கு நாம் வாசிக்கிற எழுத்தாளர்களில் சிலர் அந்தத் திண்ணைகளில் சண்டை போட்டு வந்தவர்கள்தான்.

யாஹூ குழுமத்தில் ஒரு வசதி இருந்தது. அதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஒரே உரையாடலை மின்னஞ்சலாகவும் வாங்கலாம், வலையில் போயும் படிக்கலாம். அலுவலகத்தில் இருப்பவர் மடலாகப் படிப்பார், பிரவுசிங் சென்டர்காரர் வலையில் படிப்பார். இருவரும் ஒரே இடத்தில் இருப்பதாக நம்புவார்கள். 2020 டிசம்பரில் யாஹூ மொத்தக் குழுமங்களையும் மூடிவிட்டது. வலையில் இருந்தது போயிற்று. தன் அஞ்சல்பெட்டியில் மடல்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களிடம் மட்டும் மிச்சம் இருந்தது.

மடலுக்கும் வலைமன்றத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மன்றம் ஊர் நடுவில் இருக்கிற கரும்பலகை. ஒரு இடத்தில் இருக்கும், நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும், எழுதியதை அழிக்கலாம், திருத்தலாம். பலகையைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டால் எல்லாம் போச்சு. மடல், வீடு வீடாகப் போட்ட கடிதம். போட்டது போட்டதுதான். தபால் பெட்டிக்குள் கையை விட்டு எடுக்க முடியாது.

*

2019இல் எங்கள் குழு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சண்டை எதுவும் இல்லை. வயதால் பிரிந்தது. மடற்குழுவில் பழைய ஆட்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், சிலர் ஓய்வு பெற்றவர்கள். எனக்கு மோடம் சொல்லிக்கொடுத்த சாரும் அங்கேதான் இருந்தார். தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதும், வீடு பெரம்பூர் என்பதும் அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்காக ஒரு வலைமன்றம் தனியாகத் தொடங்கியிருந்தோம். அங்கே கேள்விகள் வந்துகொண்டே இருந்தன, பதில் சொல்லத்தான் ஆளில்லை. இங்கே பதில் தெரிந்தவர்கள் இருந்தார்கள், கேள்விகள் வறண்டுவிட்டன.

ரெண்டையும் சேர்த்துவிட்டால்? ஒரு கூட்டத்தில் நான்தான் கையைத் தூக்கினேன்.

இதற்கு முன்னால் பலர் இதைச் செய்திருக்கிறார்கள். நார்வேக்காரர் லார்ஸ் மக்னே இங்கப்ரிக்ட்சன் 2002இல் ஜிமேன் என்ற ஒன்றைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான மடற்குழுக்களைச் செய்திக்குழு வடிவில் படிக்கவும் பதில் எழுதவும் வழி செய்தார். மெயில்மேன் மென்பொருளின் மூன்றாம் பதிப்பு 2015இல் வந்தபோது ஹைப்பர்கிட்டி என்ற வலைமுகப்பும் சேர்ந்து வந்தது. மடற்குழுவின் மடல்களை மன்றம் மாதிரியே படிக்கலாம், அங்கிருந்தே பதில் போடலாம். மறுபக்கத்தில் டிஸ்கோர்ஸ் மன்றமாகத் தொடங்கி மடலாகவும் பேசக் கற்றுக்கொண்டது. க்னோம் திட்டம் 2022இல் தன் மடற்குழுக்களை மூடிவிட்டு அங்கேயே குடிபோய்விட்டது. லினக்ஸ் கர்னல்காரர்கள் மட்டும் இன்றைக்கும் மடலை விடவில்லை.

இவற்றில் ஒன்றை அப்படியே எடுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் பழையவர்கள் முகவரி மாற மாட்டார்கள், பிள்ளைகள் மன்றத்தை விட மாட்டார்கள். யாரும் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் இரண்டையும் சேர்க்க வேண்டும். சரி, நானே எழுதிவிடுகிறேன் என்று கடம்பத்தூருக்கும் அம்பத்தூருக்கும் நடுவே, காலை வண்டியில், உட்கார இடம் கிடைத்த நாட்களில் எழுதினேன்.

வேலை பார்ப்பதற்கு எளிது. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் மெசேஜ்-ஐடி என்று ஒரு தனி அடையாளம் உண்டு. பதில் மடலின் தலைப்பகுதியில் இன்-ரிப்ளை-டூ என்ற வரியில், எந்த மடலுக்குப் பதில் என்று அந்த அடையாளம் எழுதியிருக்கும். 1982இலேயே வகுத்துவைத்த முறை இது. மன்றத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எண். இந்த அடையாளத்தையும் அந்த எண்ணையும் ஒரு அட்டவணையில் ஜோடி சேர்த்துவிட்டால், அங்கே போட்ட பதில் இங்கே சரியான கேள்விக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதல் ராத்திரியே ஒரு கூத்து. குழுவில் ஒருவர் விடுமுறைக்குப் போகும்போது 'நான் ஊரில் இல்லை' என்று தானியங்கிப் பதில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் பதிலை என் பாலம் புதுக் கேள்வி என்று நினைத்து மன்றத்தில் போட்டது. மன்றத்தில் வந்ததை மடலாக அனுப்பியது. அதற்கு மறுபடி 'நான் ஊரில் இல்லை'. விடியும்போது எல்லார் பெட்டியிலும் 200க்கும் மேல் மடல்கள். பெரம்பூரிலிருந்து போன்: "என்னப்பா, அவர் ஊரில இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சே!"

மெயில்மேனில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. தன் வழியாகப் போகிற ஒவ்வொரு மடலிலும் எக்ஸ்-பீன்தேர் என்று ஒரு வரியைச் சேர்த்துவிடும். 'இங்கே ஒருமுறை வந்து போயாச்சு' என்று அர்த்தம். அந்த வரியோடு மடல் திரும்பி வந்தால் உள்ளே விடாது. நானும் அதே மாதிரி ஒரு முத்திரை வைத்தேன், தானியங்கிப் பதில்களை வாசலிலேயே நிறுத்தினேன். கூத்து அடங்கியது. சிரித்துக்கொண்டோம். பாலம் தயார் என்று அறிவித்தேன்.

*

மூன்று வாரம் கழித்து, மன்றத்தில் ஒரு பெண் கேள்வி கேட்டாள். தலைப்பு: 'வைஃபை வரவில்லை, உதவுங்கள்'. உள்ளே இரண்டே வரி. லினக்ஸ் போட்டதிலிருந்து வைஃபை தெரியவில்லை, நாளைக்குக் கல்லூரியில் ப்ராஜக்ட் காட்ட வேண்டும்.

சாரின் பதில் அன்று மாலையே வந்தது. "எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, என்ன மடிக்கணினி, எதுவும் கிடையாது. நாங்கள் என்ன ஜோசியமா பார்க்கிறோம்? முதலில் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டு பிறகு வாருங்கள்." அதற்குக் கீழே, புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி என்று எரிக் ரேமண்டு எழுதிய பழைய கட்டுரையின் சுட்டி.

மன்றத்தில் அதைப் படித்த பிள்ளைகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "படிக்கத் தெரியாதா அங்கிள்?" "முதல்ல கண்ணாடி போட்டுட்டு வாங்க." இந்த மாதிரி ஏழெட்டுப் பதில்கள். எல்லாவற்றையும் என் பாலம் ஒன்றுவிடாமல் பெரம்பூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கேயிருந்து பழையவர்கள் திருப்பி எழுதினார்கள், "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று. அதையும் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு சொல் சிந்தவில்லை.

நான் அப்போது ஒரு ரிலீஸ் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரி பதினொரு மணிக்குத்தான் பார்த்தேன். சாரின் மடலைப் படித்ததும் எனக்கும் கோபம்தான் வந்தது. ஏனென்றால் நான் மன்றத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அவள் கேள்விக்கு மேலே சின்னச் சின்னக் கட்டங்களில் எல்லாம் இருந்தது. இயங்குதளம்: உபுண்டு. பதிப்பு: 18.04. மடிக்கணினியின் மாடல், வைஃபை அட்டையின் பெயர் உட்பட. பெயருக்குப் பக்கத்தில் 'புதியவர்' என்று ஒரு பச்சைப் பட்டை. கேள்வி கேட்கும்போது மன்றம் ஒரு படிவம் காட்டும். அதை ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருந்தாள்.

பிறகு மடலைத் திறந்து பார்த்தேன். தலைப்பு, இரண்டு வரி, பெயர். வேறு எதுவும் இல்லை.

என் பாலம் தலைப்பையும் உடலையும் மட்டும்தான் எடுத்துப்போகும். படிவத்தில் இருக்கிற கட்டங்கள் தனித் தகவல்களாக வேறு இடத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். எனக்கு அது தெரியும். 'அப்புறம் செய்ய வேண்டியவை' என்ற பட்டியலில் ஆறாவது வரியாக எழுதியும் வைத்திருந்தேன்.

ஆக, அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் பார்த்த மடலில் எதுவும் இல்லை. அவர் இடத்தில் இருந்து பார்த்தால் அவர் கேட்டது நியாயம், அவள் இடத்தில் இருந்து பார்த்தால் அது வெறும் அடாவடி. பிள்ளைகள் கோபப்பட்டது நியாயம், காரணமே இல்லாமல் தன்னைப் பாய்ந்து பிடுங்குகிறார்கள் என்று அவர் நினைத்ததும் நியாயம். இரண்டு பக்கமும் ஒரே உரையாடலைப் படிப்பதாக நம்பிக்கொண்டு இரண்டு வேறு உரையாடல்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பாலமே இல்லாமல் இருந்திருந்தால் அவளுக்குப் பதில் கிடைத்திருக்காது, அவ்வளவுதான். யாரும் அவளை அவமானப்படுத்தியிருக்க மாட்டார்கள்.

நான் அந்தச் சண்டையை மன்றத்திலிருந்து நீக்கினேன். அதற்கு முன்பே அவள் தன் கேள்வியை அழித்திருந்தாள். மறுநாள் காலை எனக்குத் தனியாக ஒரு செய்தி.

"அண்ணா, நான் கும்மிடிப்பூண்டி. எங்க சீனியர் சொல்லித்தான் இதுல சேர்ந்தேன். ப்ராஜக்ட் எப்படியோ ஃப்ரெண்டு லேப்டாப்ல காமிச்சிட்டேன். நான் டிலீட் பண்ணதுக்கு அப்புறமும் அந்த மெயில்ல என் பேர் இருக்குன்னு சீனியர் சொல்றாங்க. என் பேரை மட்டும் எடுக்க முடியுமா?"

வண்டியில் நின்றுகொண்டே அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பொதுக் காப்பகத்திலிருந்து எடுத்துவிடலாம், எடுத்தும்விட்டேன். ஆனால் சில நூறு பேருடைய அஞ்சல்பெட்டிகளில் இருப்பதை? பத்து வருடமாக மடலைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் அதுதானே. போட்டது போட்டதுதான், எவனும் அழிக்க முடியாது, எந்த நிறுவனம் மூடினாலும் நம்மிடம் மிச்சம் இருக்கும் என்று. அவள் கரும்பலகையில் எழுதுவதாக நினைத்து எழுதினாள். நான் அதை அவளிடம் கேட்காமலே கடிதமாக்கி வீடு வீடாகப் போட்டிருக்கிறேன்.

"முடியாது" என்று அவளுக்கு எழுதுவதற்கு எனக்கு அம்பத்தூர் வரைக்கும் ஆயிற்று.

*

அன்று இரவு இரு பக்கத்துக்கும் ஒரே மடலை எழுதினேன். என்ன நடந்தது, யார் எதைப் பார்த்தார்கள், எந்த வரியில் என் தவறு என்று. அவள் பெயரைச் சொல்லவில்லை. அரை மணியில் சார் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு ஃபார்ம்ல என்னதான் போட்டிருந்தா? படி."

அழித்த பதிவின் நகல் என் தரவுத்தளத்தில் இருந்தது. ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். வைஃபை அட்டையின் பெயர் வந்ததும், "நிறுத்து, மறுபடி சொல்லு" என்றார். ரியல்டெக் 8821சிஇ. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இவ்ளோ தெளிவா யாருமே கேக்கறதில்லப்பா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

நள்ளிரவுக்கு மேல் எனக்கு ஒரு மடல் வந்தது, அவளுக்கு அனுப்பச் சொல்லி. அந்த அட்டைக்கான டிரைவர் 18.04இன் கர்னலில் கிடையாது, தனியாக நிறுவ வேண்டும். நிறுவ இணையம் வேண்டும், இணையத்துக்குத்தான் வைஃபையே இல்லை. அதனால் போனை யூ.எஸ்.பி. ஒயரில் இணைத்து டெதரிங் போட்டுக்கொள்ளவும் என்று ஆரம்பித்து, 11 படிகள். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில், திரையில் என்ன வந்தால் சரி, என்ன வந்தால் எங்கே தப்பு என்று. கடைசியில், தமிழில்: 'நான் உங்கள் படிவத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் பேசியது என் தவறு.' கீழே அதே இரண்டு எழுத்துக் கையெழுத்து.

எனக்கு 2009இல் வந்த மடல் மாதிரியே இருந்தது. ஒரு வித்தியாசம், இது ஒருவருக்கு மட்டும் எழுதப்பட்டது.

அனுப்பினேன். நாலு நாள் கழித்து, "வேலை செய்யுது. சாருக்கு தேங்க்ஸ் சொல்லிடுங்க அண்ணா" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு அவள் மன்றத்துக்கு வரவில்லை. கேள்விகளே வராமல் போயிருக்காது. வேறு எங்கேயாவது கேட்டிருப்பாள், அல்லது கேட்காமலே இருந்துவிட்டிருப்பாள். இரண்டாவதை நினைத்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பாலத்தை மூடிவிடலாமா என்று குழுவில் கேட்டேன். வேண்டாம் என்றவர்களில் முதல் ஆள் சார். இப்போது மன்றத்துக் கேள்வி மடலாகப் போகும்போது, படிவத்தின் கட்டங்கள் எல்லாம் மடலின் தலையிலேயே போகின்றன. 'எழுதியவர் புதியவர்' என்பதற்கு முதல் வரி. பதிவு போட்டு 10 நிமிடம் கழித்துத்தான் மடல் கிளம்பும், அதற்குள் திருத்தலாம், அழிக்கலாம். புனைபெயரில் போட்டால் மடலிலும் அந்தப் பெயர்தான் போகும்.

இதெல்லாம் நிரல். இன்னொன்றும் செய்தேன், அதற்கு நிரல் தேவைப்படவில்லை. மன்றத்தில் 'அனுப்பு' என்ற பொத்தானுக்கு மேலே ஒரு வாக்கியம் போட்டோம். நான் எழுதியது நான்கு வரி வந்தது, வக்கீல் நோட்டீஸ் மாதிரி. சார் அதை வெட்டிச் சின்னதாக்கினார்: 'இது பலருக்குக் கடிதமாகவும் போகும். போனபின் திரும்பி வராது.'

போன மாதம் அந்த மன்றத்தில் நானே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அந்த வாக்கியத்தைப் பார்த்துவிட்டு, எழுதியதை இன்னொரு முறை படித்தேன். ஒரு வரியை எடுத்தேன். பிறகு அனுப்பினேன்.